வடக்கு ஜன்னல் வெயில்

முவாலா மிஷன் ஆஸ்பத்திரி,
நியாசா மாகாணம், மொசாம்பிக்.
26 ஏப்ரல் 2025

கர்த்தருக்குள் பிரியமான ஜெப்ஸிக்கு,

கிருபையால் நான் சுகம். நாளைக்கு ஜீப் லிச்சிங்காவுக்குப் போகிறது. அங்கே டவுன் ஆபீசில் வழக்கம்போல இதைப் படம் எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவார்கள். முதல் இரண்டு பக்கத்தைக் கிருபாநிதி அண்ணாச்சியிடம் காட்டு. வருகிற மிஷனெரி ஞாயிறுக்குச் சபையில் வாசிக்க ஒரு கடிதம் வேண்டும் என்று சங்கச் செயலாளர் என்ற முறையில் கேட்டிருந்தார். நீயே வாசித்தால் நல்லது என்றும் சொன்னார்.

நம் சபையார் அனுப்பிய சோலார் பேனல்களை நவம்பரில் இங்கே நிறுத்திப் பிரதிஷ்டை பண்ணியதைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கொடுத்த குடும்பங்களின் பெயரை ஒவ்வொரு சட்டத்திலும் எழுதி, காம்பஸ் வைத்து, நூல் பிடித்து, தெற்கே ரோட்டைப் பார்க்க நிறுத்தினோம். மழைக்காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. பிரசவ அறை விளக்கு, தடுப்பூசி ஃப்ரிட்ஜ், மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கான ஆக்சிஜன் மெஷின் எல்லாம் விடிய விடிய ஓடின.

இந்த மாதம் சோதனை வந்தது. விடியுமுன்பே பேட்டரி காலியாகி மெஷின் நின்றுவிடுகிறது. பேனல்களைத் தினமும் கழுவினேன். வயர், ஃபியூஸ் எல்லாம் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் கள்ளனைக் கண்டுபிடித்தேன். காவல்காரன் அல்பானோ தன் அறையில் பிளக் கட்டை வைத்து ஊரார் செல்போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுக்கிறான். கையும் களவுமாகப் பிடித்து, நிர்வாகத்தில் சொல்லி வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று.

ஒரு வேடிக்கை. நாம் சாவி என்கிறோமே, இங்கேயும் அது சாவிதான். ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் ஏறக்குறைய அப்படியே. போர்த்துக்கீசியர் இரண்டு கரையிலும் விட்டுப் போன சொற்கள். நான் கையை நீட்டி "சாவி" என்றேன். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஊழியத்துக்கு விரோதமான இந்தச் சதி முறிய சபையார் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(இந்தப் பக்கம் உனக்கு மட்டும்.)

ஜெப்ஸி, ஜூனில் வர முடியாது போலிருக்கிறது. பேட்டரி சரியாகிற வரைக்கும், ஆகஸ்ட் வரைக்குமாவது, இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. காய்ச்சல் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது. நீ கட்டி அனுப்பின ஸ்வெட்டர்தான் காப்பாற்றுகிறது.

உன் கிளாட்வின்


மில்லர்புரம், தூத்துக்குடி.
13 மே

அத்தானுக்கு,

"கர்த்தருக்குள் பிரியமான" என்று தொடங்கியபோதே அது எனக்கு எழுதின கடிதம் இல்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கென்று ஏழே வரி. அதில், சரி என்று சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி. விருந்து முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து அழைத்த மாதிரி இருக்கிறது. ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர் நீங்கள். நான் சரி என்று சொன்னது அந்த ஒரு வருஷத்துக்குத்தான். இதைப் பற்றி இப்போது எழுதவில்லை, விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். கோயில் நிறைய ஜனம். கள்ளன் என்ற இடம் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் நம் போதகர் ஐயர் ஜெபிக்கச் சொன்னார். பெண்கள் ஐக்கியத் தலைவி தேவகனி அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. எழுந்து நின்று, "ஆண்டவரே, அந்த அல்பானோவோட கையக் கட்டிப் போடும், அவன் இனி அந்த வாசல்ல கால் வைக்கப்படாது" என்று சத்தமாக ஜெபித்தார். முந்நூறு பேரும் ஆமென் போட்டோம். நானும்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். போன வருஷம் நான் ராத்திரியில் செல் சார்ஜரைப் பிடுங்கி வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏளா, போன் சார்ஜ் எல்லாம் ஒரு கரண்டா? அது கணக்குலயே வராது." அன்றைக்கு என்னைக் கேலி பண்ணினீர்கள். இப்போது பத்துப் போன் ஒரு ஆஸ்பத்திரியையே இருட்டாக்கிவிட்டது என்கிறீர்கள். எனக்குக் கரண்ட் வேலை தெரியாது. நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

இன்னொன்று. பிடித்தேன், நிறுத்தினேன், அவன், இவன். அந்த மனிதருக்கு வயது என்ன? குடும்பம் உண்டா?

கிருபாநிதி அண்ணாச்சி நீங்கள் எழுதினதை இங்கிலீஷில் சுருக்கி, அல்பானோ பெயரும் போட்டு, ஜெபக் குறிப்பாக எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டார். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் வரும். பெயரைப் போட வேண்டாமே அண்ணாச்சி என்றேன். "பேர் இல்லாம எப்படிம்மா பாரத்தோட ஜெபிக்க முடியும்?" என்றார்.

பேனலில் அவருடைய அப்பா பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்றும் கேட்டார். அங்கே ரோட்டில் போகிறவர்களில் யார் தமிழ் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லி வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலைக்குள் படுங்கள். கோபம் இருக்கிறது, ஆனாலும் பதில் சீக்கிரம் போடுங்கள்.

ஜெப்ஸி


முவாலா
27 மே

ஜெப்ஸி,

உன் கடிதம் போன ஜீப்பில் வந்தது. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அல்பானோவுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மகன் சுரங்க வேலைக்குத் தூரமாகப் போயிருக்கிறான். மருமகள் லினா இவர் வீட்டில்தான் இருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை வீட்டில் பிறந்து, மூச்சு விடாமல் போய்விட்டதாம். அதனால் இந்தப் பிள்ளை இங்கே பிறக்க வேண்டும் என்று முதல் மாதத்திலிருந்தே வந்துகொண்டிருந்தவள். அவரை நிறுத்திய நாளிலிருந்து வருவதில்லை. இங்கே மூத்த நர்ஸ் செலஸ்தீனா ஆள் அனுப்பிப் பார்த்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த ஜெபக் குறிப்பும் வந்து சேர்ந்தது. ஆபீசில் யாரோ யோசிக்காமல் போர்த்துக்கீசியத்தில் மாற்றி அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார்கள். நான் பார்த்துக் கிழிப்பதற்குள் ஊர் முழுவதும் வாசித்துவிட்டது. இந்தியாவில் ஒரு சபையே அல்பானோ திருடன் என்று ஜெபிக்கிறது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள்.

இனி எழுதப் போவது உனக்கு மட்டும். அவர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பிளக் கட்டையைப் பிடுங்கி எறிந்தாயிற்று. கரண்ட் இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. போன வியாழன் ஏழாம் மாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தையை மெஷினில் வைத்திருந்தார்கள். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே மெஷின் நின்றுவிட்டது. செலஸ்தீனா ஓடிப்போய் சிலிண்டரை மாட்டினார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் இருந்ததே அந்த ஒரு சிலிண்டர்தான். அது தீர்ந்துவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தினமும் விடியும்வரை பேட்டரி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் படுக்க முடியவில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது. மேகமே இல்லை. மழைக்காலத்தில் நிறைந்த பேட்டரி இந்த வெயிலில் நிறையவில்லை. புல் எரிக்கிற புகையோ, பேட்டரியே மட்டமானதோ, ஒன்றும் பிடிபடவில்லை. பேனல் நிற்கிற சட்டத்தை அங்கே பாஸ்கல் அண்ணன் பட்டறையில்தானே செய்தோம், அதில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டுச் சொல்.

போன் சார்ஜ் கணக்கில் வராது என்று நான் சொன்னது உண்மைதான். அன்றைக்கே எனக்கும் அது உறுத்தியது. ஒரு கள்ளன் கிடைத்ததும் உறுத்தல் போய்விட்டது. பயமாக இருக்கிறது ஜெப்ஸி. ஜெபித்துக்கொள். சபையில் சொல்லாதே.

கிளாட்வின்


மில்லர்புரம்
5 ஜூன்

அத்தானுக்கு,

வாசித்ததிலிருந்து அந்தப் பெண்குழந்தைதான் கண்ணில் நிற்கிறது. இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். லினாவையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். நாங்கள் ஆமென் போட்டதால் அவள் இன்னொரு தடவை வீட்டிலேயே கிடக்கிறாள் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "இனி அந்த வாசல்ல கால் வைக்கப்படாது" என்று கேட்டோமே, கேட்டபடியே நடந்திருக்கிறது.

மட்டக்கடைப் பட்டறைக்குப் போய் பாஸ்கல் அண்ணனைப் பார்த்தேன். நீங்கள் கேட்டதைக் கேட்டதும் அவருக்குக் கோபம். "எம் மாதா மேல சத்தியமா சொல்லுதேன், கம்பில ஒரு கொறையும் கெடயாது. தெக்குக் காலு குட்ட, வடக்குக் காலு நெட்ட. மாறிடப்படாதுன்னு தெக்குக் காலுக்கு நானே செவப்பு அடிச்சில்லா கப்பல்ல ஏத்துனேன். ஊரு பூரா உப்பளத்துல என் சட்டம்தான நிக்கி" என்றார். உங்களுக்கு ஒரு ஜெபமாலை கொடுத்துவிட்டார். நாம் அது சொல்வதில்லை என்றேன். "சும்மா பையில கெடக்கட்டும்" என்றார். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து, நானும் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். தடைக்காலம் முடியவில்லை, நல்ல மீன் கண்ணில் படவில்லை. காற்று தொடங்கி, உப்பளத்து மண் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. போதாததற்கு அடுப்படி. வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் வெயிலே வராது என்று கொத்தனார் சொன்னதை நம்பிக் கட்டினீர்கள். மே பிறந்தாலே வெயில் வடக்கே போய்விடுகிறது. காலையில் தோசைக் கல்லைப் போட்டால் முகத்துக்கு நேரே அடிக்கிறது. மத்தியானம் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெற்கே விழுகிறது. வழக்கமாக நிழல் இருக்கும் பக்கம் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டி காய்ந்தே போய்விட்டது. ஒரு திரைக்கம்பி மாட்டித் தாருங்கள் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். உலகத்துக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவருக்கு என் அடுப்படிக்கு ஒரு கம்பி மாட்ட நேரமில்லை.

இந்த நேரத்தில் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். வேறு எதையாவது எழுதினால்தான் எனக்குப் பயம் அடங்குகிறது.

தூங்குங்கள். நீங்கள் விழித்திருப்பதால் பேட்டரி நிறையாது.

ஜெப்ஸி


முவாலா
14 ஜூன்

ஜெப்ஸி,

பெண்குழந்தை நன்றாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிட்டேன். இனிமேல் எழுதப் போவதை உட்கார்ந்து வாசி.

உன் கடிதத்தை வியாழக்கிழமை மத்தியானம் வெளியே நின்று வாசித்தேன். திரைக்கம்பி என்ற இடத்தில் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி மேலே போய், மே பிறந்தாலே வெயில் வடக்கே போய்விடுகிறது என்ற வரியை வாசித்தேன். அப்புறம் கீழே குனிந்து பார்த்தேன். என் நிழல் தெற்கே கிடந்தது. பேனல்களும் அந்த நிழல் விழுந்த பக்கம்தான் முகத்தைச் சாய்த்து நின்றன.

தூத்துக்குடிக்கே சூரியன் வடக்கே போய்விட்டது என்றால், பூமத்திய ரேகைக்குத் தெற்கே இவ்வளவு தூரம் வந்திருக்கிற எனக்கு அது எங்கே நிற்கும்? இங்கே பேனல் வடக்கே, காட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உப்பளத்திலும் கோயில் மாடியிலும் தெற்கே பார்த்து வைத்துப் பழகின கை, காம்பஸைத் திறந்ததும் தெற்கைத்தான் தேடியது. சிவப்புக் கால் தெற்கே போனது. ரோடும் தெற்கே இருந்தது, பெயர்கள் தெரிந்தன, படம் நன்றாக வந்தது. மழைக்காலத்தில் சூரியன் அந்தப் பக்கம் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலத்தில் அது வடக்கே போகப் போக, பாதி வெயில்தான் உள்ளே போனது. ஒரு வருஷமாகத் தொப்பி போட்டுக்கொண்டு இந்த முற்றத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நாள்கூட என் நிழலைப் பார்க்கவில்லை.

அல்பானோ ஒன்றும் திருடவில்லை. அந்தப் போன்களுக்குப் போன கரண்ட், பிரசவ அறையில் ஒரு விளக்குக்குக்கூடக் காணாது.

அன்று சாயங்காலமே செலஸ்தீனாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லினா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அல்பானோ உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், செலஸ்தீனா மொழிபெயர்த்தார். திரும்ப வேலைக்கு வர வேண்டும், நிர்வாகத்திடம் பேசிவிட்டேன் என்றேன். லினாவை மட்டுமாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்கள் ஊரில் நான் திருடன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?"

முந்நூறு பேருக்கு என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அந்த முந்நூறு பேரும் நான் திருடன் இல்லை என்று கேட்க வேண்டும். என் பெயரைச் சொல்லி ஜெபித்த அதே இடத்தில். அதற்கு முன்னால் என் வீட்டார் யாரும் அந்த வாசலுக்குள் வர மாட்டார்கள்."

லினாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தால் அதிகம் என்கிறார் செலஸ்தீனா. இதோடு ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டாம் தேதி ஆராதனையில் அதை நீ வாசிக்க வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றாதே. ஐயர் விடுவாரா என்று தெரியாது. கிருபாநிதி அண்ணாச்சி விடமாட்டார். என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாலும் கூப்பிடுவார்கள். கேட்கிறவர்கள் முகத்தை நீதான் பார்க்க வேண்டியிருக்கும். நான் செய்த தப்புக்கு உன்னை எழுப்பி நிறுத்துகிறேன். வேறு வழி தெரியவில்லை.

நாளைக்கு முதல் வரிசைப் பேனல்களைக் கழற்றுகிறேன். மொத்தமாகக் கழற்றினால் ஆஸ்பத்திரி இருட்டாகிவிடும் என்பதால் ஒவ்வொரு வரிசையாகத்தான் திருப்ப வேண்டும்.

கிளாட்வின்


மில்லர்புரம்
23 ஜூன்

அத்தானுக்கு,

வாசித்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஐயர் வீட்டுக்குப் போனேன். கிருபாநிதி அண்ணாச்சியும் இருந்தார். பக்கத்தை இரண்டு பேரும் வாசித்தார்கள். ஐயர் மெதுவாகச் சொன்னார், "ஜெப்ஸி, தொழில்நுட்பக் கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொன்னா போதாதாம்மா? சபையார் மனசு சோர்ந்துரும்லா." அண்ணாச்சிக்கு வேறு கவலை. "பேனல வடக்க திருப்புனா எங்க அப்பா பேரு எங்கன பாக்கும்?" என்றார். காட்டைப் பார்க்கும், அண்ணாச்சி என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. அந்த அப்பா பெயரை எழுதத்தானே மனிதர் அத்தனை ஆசையாகக் கொடுத்தார்.

நான் சண்டை போடவில்லை. லினாவைப் பற்றிச் சொன்னேன். முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். "நாளைக்கு நீங்க விடலைன்னா நான் கோயில் வாசல்ல நின்னு வாசிப்பேன் ஐயரே. வீட்டுக்குப் போறவங்க கேட்டுட்டுப் போகட்டும்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. ராத்திரி முழுவதும் ஐயரைப் பகைத்துக்கொண்டோமே, உங்கள் ஊழியம் என்ன ஆகும், பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவார்கள் என்று புரண்டுகொண்டே கிடந்தேன். விடிந்ததும் தோசைக் கல்லைப் போட்டேன். ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடித்தது. அதற்கப்புறம்தான் தைரியம் வந்தது.

ஐயர் பெரிய மனதோடு என் பெயரைக் கூப்பிட்டார். போனேன். "நான் திசை மாறி வைத்தேன்" என்ற இடம் வரை நன்றாக வாசித்தேன். "அல்பானோ என்ற அந்த மனிதர் குற்றமற்றவர், அவரைக் கள்ளன் என்று உங்களிடம் சொன்ன நான்தான் குற்றவாளி" என்ற இடத்தில் அழுகை வந்து நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தேன். லினா வராமல் இருப்பதையும் வாசித்து முடித்தேன்.

முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இறங்கவும் இல்லை. அப்போது தேவகனி அக்கா எழுந்து முன்னே வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "ஏளா, அவன் கையக் கட்டணும்னு கேட்டது நான்தான. அந்தப் பேரை இன்னொரு தடவ சொல்லு. சரியாச் சொல்லு" என்றார். அல்பானோ என்றேன். திரும்பி ஜனத்தைப் பார்த்து முழங்கால் போட்டார். அந்த மூட்டுவலியோடு. "ஆண்டவரே, அல்பானோன்னு ஒருத்தரத் தெரியாமப் பழி சொல்லிட்டோம். எங்கள மன்னியும். அந்த மருமகளுக்கு வாசலைத் தெறந்து விடும்" என்று ஜெபித்தார். எல்லாரும் அவர் பின்னால் அந்தப் பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். கிருபாநிதி அண்ணாச்சி போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டுக் குழுவில் இருக்கிற ஏஞ்சலின் முழுவதையும் போனில் எடுத்தாள். லிச்சிங்கா ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறேன். ஜீப்பில் வருகிறவர் போனில் ஏற்றிக்கொண்டு வரட்டும்.

லினா எப்படி இருக்கிறாள்? நான் வாசித்தது பிந்திவிட்டதா? வாட்ஸப் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுதுங்கள்.

ஜெப்ஸி


முவாலா
3 ஜூலை

ஜெப்ஸி,

ஜீப் வருவதற்குள் போன வாரம் கடைசி வரிசையையும் திருப்பிவிட்டேன். பாஸ்கல் அண்ணனின் சிவப்புக் கால்கள் இப்போது வடக்கே நிற்கின்றன. அன்றிலிருந்து விடியும்வரை ஆக்சிஜன் மெஷின் நிற்கவில்லை. பெயர்களெல்லாம் காட்டைப் பார்க்கின்றன. அண்ணாச்சிக்கு மட்டும் நான் தனியாக எழுத வேண்டும்.

கரண்ட் வந்துவிட்டது, ஆனால் லினா வரவில்லை. தினமும் செலஸ்தீனா என் முகத்தைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்ப்பேன். வீட்டிலேயே வலி வந்து அங்கேயே முடிந்துபோனால் என்ன செய்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஜீப் வந்தது. டிரைவர் போனை வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அல்பானோ தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றபடியே பார்த்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. மொழிபெயர்க்கட்டுமா என்று செலஸ்தீனா கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கண்ணை இமைத்தார். நீ திணறிய இடத்தில் போனைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யார் இந்தப் பெண்?"

என் மனைவி என்றேன்.

"நீங்கள் செய்ததற்கு இவள் ஏன் அழுகிறாள்?"

கேட்டுவிட்டு, தேவகனி அக்கா முழங்கால் போட்டு, ஜனமெல்லாம் தன் பெயரைச் சொல்லும் இடத்தை மறுபடி போடச் சொன்னார். லினாவும் உள்ளேயிருந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முடிந்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் திரும்பிவிட்டேன். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உனக்கு அதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் லினா, ஹேண்டிலில் சுருட்டின பாய். வலி தொடங்கியிருந்தது. பிரசவ அறை வாசல் வரை கூட்டிப்போய் செலஸ்தீனாவிடம் விட்டார். இன்று காலை, நன்றாக விடிந்த பிறகு, ஆண்பிள்ளை. பிறந்ததும் அழவில்லையாம். மெஷினில் வைத்தார்கள். இப்போது அழுகிறான். எழுதுகிற மேசைக்கே சத்தம் கேட்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே இரண்டு பையன்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும். இந்தத் தடவை யாரிடமும் சரி என்று சொல்லவில்லை. இருக்கட்டுமா, வரட்டுமா என்று நீ சொல். வா என்றால் அடுத்த ஜீப்பில் ஏறுகிறேன். எப்போது வந்தாலும் முதல் வேலை அடுப்படிக்குத் திரைக்கம்பி.

நேற்று லினாவை உள்ளே விட்டுவிட்டு அல்பானோ நேரே என்னிடம் வந்தார். நான் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போர்த்துக்கீசியத்தில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வரியைத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. கேட்டைத் திரும்பிப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது, கேட் திறந்தே கிடந்தது. என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவி" என்றார்.

கொடுத்தேன்.

கிளாட்வின்